மாடு வாங்கிக் கொடுத்த இலக்கம்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. புசல்லாவைக் கோயிலில் கற்பூரத்தை உள்ளங்கையில் ஏந்திச் சத்தியம் செய்யலாம். கற்பூரம் வாங்கித் தர யாராவது முன்வந்தால் போதும். சாட்சிக்கு ஒரு மாடும் இருக்கிறது.

லோஜினி வீட்டு வாசலில் அந்தப் பெயர்ப் பலகை பதினான்கு மாதம் உரச்சாக்குக்குள் இருந்தது. அவள் இந்தியாவிலிருந்து பட்டத்தோடு வந்து இறங்கிய வாரமே அவளுடைய அப்பா லெட்சுமணன் அக்குறணை வரை போய், ஹபீல் என்ற பெயின்டரிடம் எழுதி வாங்கி வந்தது. 'டொக்டர் லெ. லோஜினி, மிருக வைத்தியர்.' கீழே 'பதிவு இலக்கம்' என்று எழுதி, நாலு இலக்கத்துக்கு இடம் விட்டிருந்தான். அந்த இடம் நிரம்பாமல் பலகை வெளியில் தெரியக் கூடாது என்று லோஜினி அழுது சாக்கைப் போட வைத்தாள். சாக்குப் போட்டதால் ஒரு பயனும் இல்லை. நுவரெலியா பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். காற்றடிக்கும் நாளில் சாக்கு விலகி 'டொக்' மட்டும் தெரியும்.

இந்த நாட்டில் மிருக வைத்தியம் படிக்க ஒரே ஒரு பீடம்தான், பேராதனையில். லோஜினியின் புள்ளி அதன் வெட்டுப்புள்ளிக்குத் தசமத்தில் குறைந்தது. ஸ்கொலர்ஷிப் கிடைத்து இந்தியாவில் போய் ஐந்தரை வருடம் படித்தாள். ஆனால் வெளிநாட்டுப் பட்டக்காரர்கள் இங்கே இன்னொரு பரீட்சையில் தேறி, மிருக வைத்தியக் கவுன்சிலில் பதிந்து, இலக்கம் வாங்க வேண்டும். அதுவரை ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டாலும் குற்றம். எழுத்துப் பரீட்சையில் அவளை யாரும் அசைக்க முடியாது. மாட்டிடம்தான் இரண்டு தடவை தோற்றாள். தோள் வரைக்கும் உறை போட்டு, மாட்டின் பின்வழியாகக் கையை விட்டு, சினையா இல்லையா, எத்தனை மாதம் என்று சொல்ல வேண்டும். அவள் கை இரண்டு விரற்கடை கட்டை.

மூன்றாம் தடவை கண்டி குட்ஷெட் நிலையத்தில் பஸ் மாறிப் பரீட்சைக்குப் போய் இறங்கினாள். இதில் தவறினால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். புதுச் சாக்கு ஒன்று தேடுவார். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

பரீட்சை மாட்டின் பெயர் சுது மெனிக்கே. பதினொரு வருடமாக அங்கே நிற்கிறது. பரீட்சகர்கள் வந்தார்கள், பென்சன் போனார்கள், அது அசையவில்லை. பரீட்சைத் தேதி பார்த்துச் சினையாகும் என்று பேர். கேள்விகளைக் கேட்டுக் கேட்டு மூன்று மொழியும் அதற்கு அத்துப்படி.

லோஜினி கையை விட்டாள். சூடு, இருட்டு, வேறொன்றும் இல்லை. அந்தப் பக்கம் பரீட்சகர் நவரட்ணராஜா, யாழ்ப்பாணத்து மனிதர், கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, எத்தின மாசம் எண்டு சொல்லும் பாப்பம்."

சினையில்லாத வெறும் மாடு என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் சுது மெனிக்கே கழுத்தைத் திருப்பி அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு முன்வலது காலைத் தூக்கித் தரையில் வைத்தது. டொக். மறுபடி டொக். அவசரமில்லாமல், வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது மாதிரி ஐந்து தடவை. ஆறாவதுக்குக் காத்திருந்தாள். மாடு அசைபோடத் தொடங்கிவிட்டது.

"அஞ்சு மாசம், சேர்."

"சரியா அஞ்சுதான்." அவர் தாளில் குறித்துக்கொண்டார். "உம்மட கை கட்டை எண்டாலும் மூளை நீளம்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'சேர், மாடு சொன்னது' என்று எந்த மொழியில் சொல்வது? உறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

இலக்கம் வந்தது. லெட்சுமணன் சாக்கைக் கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்தார். நாலு இலக்கத்தையும் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்தார். லோஜினி பலகையைப் பார்க்காமல் பக்கவாட்டில் வெளியேறப் பழகிக்கொண்டாள். தெருவில் யாராவது 'டொக்டர்' என்று கூப்பிட்டால், இன்னொருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு பிடிபட்டவள் மாதிரி காது சுட்டது.

இரண்டாம் வாரம் தோட்டத்துக் கீழ் லயத்து வீட்டு அழகம்மா ஆளனுப்பினாள். மாட்டுக்குச் சினை ஊசி போட்டு மூன்று மாதம். சினை நின்றிருந்தால் மாட்டை வைத்துக்கொள்வாள்; இல்லையென்றால் அன்றைக்கே விற்றுவிடுவாள். இறைச்சிக்கு மாடு வாங்கும் லாபிர் ரோட்டோரம் லொறியை நிறுத்திவிட்டு, குடையோடு இறங்கி வந்திருந்தார்.

"மிஸ், சினை ஈக்குதா இல்லியா எண்டு மட்டும் செல்லுங்க. சினை மாடு எனக்கு வாணாம். எண்ட லொறிக்கே அது புடிக்காது."

"ஒங்க லொறி பேசுதா, லாபிர் நானா?" என்றாள் அழகம்மா.

"மேட்டுல ஏறக்குள்ள ஏசும்."

லெட்சுமணனும் வந்து நின்றார், மகளின் பையைத் தூக்கிக்கொண்டு. "எம்மக கை வச்சா சொல்லிரும். பரீட்சையில மாசங்கூடச் சொல்லிருச்சி."

லோஜினி கையை விட்டாள். விட்ட கையை மறந்து, கண்ணை மாட்டின் முன்காலில் வைத்தாள். கால் அசையவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. மாட்டிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறோம் என்பது புரிந்தபோது அவளுக்கு அந்தச் சேற்றுக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது. 'ஆம்' என்று சொல்லிவிடலாம். மாடு பிழைக்கும், பொய் மாசக்கணக்கில் கழித்துத்தான் வெளிவரும்.

கையை எடுத்தாள்.

"எனக்குத் தெரியல அக்கா."

அழகம்மா அவளைப் பார்க்கவில்லை, லெட்சுமணனைப் பார்த்தாள். அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"டொக்டர்மார் தெரியாதெண்டு செல்றத இன்டைக்குத்தான் கேக்கிறன்," என்றார் லாபிர். கேலியாகச் சொல்லவில்லை. குடையை மடக்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். "ஆறுதலாப் பாருங்க மிஸ். லொறி நிக்கும்."

"இன்னொருக்கா பாக்கிறேன்," என்றாள்.

உறையைக் கழுவி மறுபடி போட்டாள். கட்டைக் கையைத் தோள் இடிக்கும் வரை விட்டு, கன்னத்தை மாட்டின் பிட்டத்தில் அழுத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மழைத் தூறல் முதுகில் விழுந்தது. விரல் நுனியில், எட்டியும் எட்டாமலும், சின்னத் தோடம்பழம் அளவில் உயிருள்ள ஏதோ ஒன்று வழுக்கிப் போய், திரும்பி வந்து மோதியது. அந்தப் பக்கம் மாடு முன்காலைத் தூக்கி, கீழே வைக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. அவள் பார்க்கவில்லை.

லோஜினியின் மூன்றாம் பரீட்சை நடந்த வருடம் கால்-வாய் நோய் பரவியிருந்ததால் உயிருள்ள மாடு எதையும் பரீட்சைக்கு உள்ளே விடவில்லை. சுது மெனிக்கே பைபரில் வார்த்த பொம்மை மாடு, நாலு காலும் சிமெந்துத் தரையில் ஆணி போட்டு முடுக்கியிருந்தது.