நூறைக் கெடுத்தவள்

தலைமையாசிரியர் குமாரதாஸ், டிசி கேட்டு எழுதிய விண்ணப்பத்தை ஓமனாவின் பக்கம் நகர்த்தி, அதன்மேல் பேனாவையும் வைத்தார்.

“பிள்ளைக்க நல்லதுக்குத்தான் சொல்லுகேன். கணக்கு இவளுக்கு ஏறல்ல. வேற ஸ்கூல்ல கொண்டு சேத்துருங்க. இஞ்ச ஏழு வருஷமா பத்தாம் வகுப்புல நூறு சதவீதம். இவளால அது போயிரப்பிடாது.”

ஓமனாவின் மகள் ஷைஜா அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்தாள். மற்றப் பாடங்களில் மோசமில்லை. கணக்கில் மட்டும் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தாள். தேறியவளை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க முடியாது என்பதால் போகச் சொன்னார்கள். அவளை மட்டுமல்ல, வராந்தாவில் இன்னும் ஐந்து பிள்ளைகள் தாயோடும் தகப்பனோடும் காத்து நின்றார்கள்.

பள்ளி கருங்கல் ஊர்ச் சந்தையிலிருந்து நடக்கிற தூரம். வாசல் வளைவில் ஒரு ஃப்ளெக்ஸ் ஆண்டு முழுக்கக் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். நிறைய மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள், நடுவில் அவர்கள் எல்லாரையும்விடப் பெரிதாக ஒரு நூறு. ஊர்க்காரர்கள் அந்த நூறைப் பார்த்துத்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓமனாவும் அப்படித்தான் சேர்த்தாள்.

ஓமனா அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். புருஷன் கொத்தனார் வேலைக்குத் திருவனந்தபுரம் போனவன், மாதத்துக்கு ஒரு தடவை வருவான். சாரும் டீச்சரும் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று நினைக்கிறவள் அவள். “செரி சார்” என்று பேனாவை எடுத்துவிட்டாள்.

“அம்மா, ஒப்பு போடாத.”

இருவரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள்.

“உன்கிட்டயா கேட்டேன்?” என்றார் குமாரதாஸ்.

“போகப்போறது நான்தானே சார். நான் போவமாட்டேன்.”

“பத்துல தோத்தா?”

“தோத்தா நான் தோப்பேன். அதுக்கு எதுக்கு இப்பமே போவணும்?”

“மிண்டாம இரு பிள்ளே” என்று ஓமனா மகளின் கையைக் கிள்ளினாள். ஆனாலும் பேனாவைத் திரும்ப வைத்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழி முழுக்கத் திட்டினாள். சார்மாரை எதிர்த்துப் பேசுகிற பிள்ளையைப் பெற்றுவிட்டேனே என்று மூக்கைச் சிந்தினாள். மறுநாள் பத்தாம் வகுப்புக்குச் சீருடைத் துணி எடுக்க மகளைச் சந்தைக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான்.

அந்த ஆறு பேரில் மூன்று பேர் போனார்கள். மூன்று பேர் இருந்தார்கள்.

இருந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. ஆசிரியர்கள் அவர்களை ‘மெல்லக் கற்போர்’ என்று குறிப்பிட்டார்கள். வகுப்பில் அது சீக்கிரமே ‘மெல்லம்’ என்று சுருங்கிப்போனது. “மெல்லம் வருது, வழி விடுங்கலே” என்று ஒருவன் கத்தினான். ஷைஜா அவன் முன்னால் போய் நின்று, “மெல்ல வந்தாலும் வந்தாச்சில்லா. தள்ளுலே” என்றாள்.

வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் முப்ஷிரா. தேங்காப்பட்டணத்துப் பிள்ளை. அவளுடைய வாப்பா அங்கே மீனுக்கு ஐஸ் அடிக்கிற ஆலை நடத்திவந்தார். ஆறாம் வகுப்பிலிருந்தே ஷைஜாவும் அவளும் ஒரே பெஞ்சு. முதல் வாரமே முப்ஷிரா தன் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டாள். கணக்கு எடுக்கிற சபிதா டீச்சர் ஏன் என்று கேட்டதற்கு, “முன்னால இருந்தா போர்டு கண்ணு கூசுது டீச்சர்” என்றாள். அது பொய் என்று டீச்சருக்கும் தெரியும். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையை அதற்கு மேல் என்ன சொல்ல? விட்டுவிட்டார்.

முப்ஷிராவுக்குச் சொல்லிக்கொடுக்க வராது. ஒரு தடவை சொல்லுவாள், இரண்டாம் தடவை கோபம் வந்துவிடும். “ஏட்டி, உனக்க மண்டைக்குள்ள என்ன, களிமண்ணா?” என்பாள். “ஆமா, உனக்க மண்டைய ஒடச்சு அதுல கொஞ்சம் சேத்துக் கொழச்சா செரியாயிரும்” என்பாள் ஷைஜா. படித்ததைவிட இருவரும் சிரித்ததுதான் அதிகம்.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மாவட்டம் முழுக்க விடுமுறை. குமாரதாஸ் மட்டும் மெல்லக் கற்போருக்கு அன்றைக்கும் சிறப்பு வகுப்பு என்று அறிவித்தார். “நம்மளுக்கு மட்டும் கொடை கெடையாதா?” என்றாள் ஷைஜா. மூன்று பேரும் பள்ளிக்குப் போகவில்லை. மண்டைக்காட்டுக்குப் பஸ் ஏறினார்கள். போகிற வழியில் முப்ஷிராவும் வந்து சேர்ந்துகொண்டாள். கூட்டத்தில் செருப்பைத் தொலைத்து, வளையல் கடை வளையல் கடையாக நின்று, மண்டையப்பம் வாங்கிக் கடல் மணலில் உட்கார்ந்து பிய்த்துத் தின்றார்கள். மறுநாள் நால்வரையும் கொடிக்கம்பத்தின் கீழ் வெயிலில் நிற்கவைத்தார்கள். நின்றார்கள். உள்ளங்கால் சுட்டபோது ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று, அதற்கும் சிரித்தார்கள்.

பொதுத்தேர்வில் ஷைஜா கணக்கில் தோற்றாள். நாலு மதிப்பெண் போதவில்லை. மற்ற இருவரும் தேறினார்கள். பள்ளியிலேயே தோற்றது அவள் ஒருத்திதான்.

அந்த வருஷம் புது ஃப்ளெக்ஸ் கட்டவில்லை. பழையதை அவிழ்த்துவிட்டார்கள். வெறும் வளைவைப் பார்த்த ஊர் காரணம் கேட்டது, காரணத்துக்கு ஒரு பெயர் இருந்தது. கருங்கல் சந்தையில் மீன் வாங்க நின்ற ஓமனாவிடமே ஒருத்தி, “நூறைக் கெடுத்தது உனக்க மொவளாமே?” என்று கேட்டாள். ஷைஜா குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், துணைத்தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் எது என்று முப்ஷிராவை போனில் கேட்டாள்.

துணைத்தேர்வில் தேறினாள். அதே பள்ளிக்கு பிளஸ் ஒன் சேரப் போனாள்.

“சீட்டு இல்ல” என்றார் குமாரதாஸ். “அட்மிஷன் எல்லாம் முடிஞ்சாச்சு. இதுக்கு மேல இந்த ஸ்கூல் நமக்கு வேண்டாம், கேட்டியா? போய் நல்லா இரு.”

ஷைஜா வராந்தாவுக்கு வந்து தூணோரம் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே போய்க் கெஞ்சுவதற்காகத்தான் ஓமனா வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்று என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து மகளுக்குப் பக்கத்தில் சேலையை ஒதுக்கி உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க எதுக்கு இருக்கிறீங்க?” என்று வெளியே வந்த குமாரதாஸ் கேட்டார்.

“தோத்ததுக்குத்தான் இவ்வளவு நாளும் பேச்சு கேட்டோம். இப்பம் செயிச்சதுக்கும் கேக்கணுமா சார்?” என்றாள் ஓமனா. “எனக்க மொவ இஞ்சதான் படிப்பா. நீங்க கூப்புடுதது வரைக்கும் இருப்போம்.”

மதிய மணி அடித்தது. பிளஸ் ஒன் சேர்ந்திருந்த முப்ஷிரா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து அவர்கள் கூட உட்கார்ந்து, தன் பொரித்த மீனை மூன்றாகப் பங்கு வைத்தாள். தின்று முடித்துக் கை கழுவி வந்தவள், பாடப்புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினாள். மாணவர்களுக்கான உதவி எண் என்று ஒன்று அங்கே அச்சாகியிருந்தது. “மாமி, போனத் தாருங்க” என்று ஓமனாவின் போனை வாங்கி, எல்லார் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பெயர், ஊர், பள்ளி, துணைத்தேர்வில் தேறிய விவரம் எல்லாவற்றையும் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அறைக்குள் குமாரதாஸ் பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றது.

மறுநாள் காலையில் சீட்டு இருந்தது.

எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது ஷைஜா கணக்குப்பதிவியல் உள்ள பிரிவைச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் தலையைத் தூக்கி, “கணக்குல தோத்துட்டு கணக்குப்பதிவியலா?” என்றார். “ஆமா, அதுதான்” என்றாள். வீம்புக்குத்தான் சொன்னாள். ஆனால் வகுப்பு தொடங்கி, வரவும் செலவும் இரண்டு பக்கமும் சரியாக வந்து நிற்பதைப் பார்த்தபோது, அது அவளுக்குப் பிடித்துப்போனது. தப்பு விடாமல் இல்லை, விட்டாள். தப்பு எங்கே என்று தேடுவதும் பிடித்திருந்தது.

பிளஸ் டூவில் அரையாண்டுத் தேர்வு முடிந்த தை மாதம். தண்ணீர் குடிக்கப் போன ஷைஜா தலைமையாசிரியரின் வராந்தாவில் நான்கைந்து பெற்றோர் நிற்பதைக் கண்டாள். எல்லாரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு வந்தவர்கள். இந்தத் தடவை ஆண்டுத்தேர்வு வரைகூடக் காத்திருக்கவில்லை. கடற்கரையிலிருந்து வந்திருந்த சிலுவை என்ற மீன்பிடிக்காரர் தூணில் காகிதத்தை வைத்து ஒப்பு போடப்போனார். அவருடைய மகள் ஜெனிஷா, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“மாமா, ஒப்பு போடாதுங்க” என்றாள் ஷைஜா.

சிலுவை திகைத்தார். “சார்தானம்மா போடச் சொன்னாவ.”

“சொல்லுவாவ. எனக்கும் சொன்னாவ. நான் போவல்ல. நீங்க போடாம அவியளால அனுப்ப ஒக்காது.”

“பத்துல தோத்துட்டா?”

“நான் தோத்தேன் மாமா. இன்னா, உயிரோடதான் நிக்கேன், பிளஸ் டூ படிக்கேன்.”

அறைக்குள்ளிருந்து குமாரதாஸ் வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. “உனக்குப் பொதுத்தேர்வுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அகமதிப்பீட்டு மார்க்கு எனக்க கையில இருக்கு. ஞாபகம் வச்சுக்க.”

ஷைஜாவுக்குப் பயம் வந்தது. என்றாலும் சிலுவைக்கும் ஜெனிஷாவுக்கும் நடுவில் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“கொறைச்சுப் போடணும்னா போடுங்க சார். இவ நிக்கட்டும்.”

“நூறு இல்லேன்னா மேனேஜ்மென்ட் என்னத்தான் கேக்கும், போவச் சொல்லும். உன்னைக் கேக்காது” என்றார் குமாரதாஸ். ஒரு நாளும் இல்லாதபடி அவர் குரல் களைத்திருந்தது.

“அப்பம் அவியகிட்ட நீங்க போவமாட்டேன்னு சொல்லுங்க சார்.”

அவர் உள்ளே போனார். அன்று இரண்டு பேர் ஒப்பு போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களை ஷைஜாவால் நிறுத்த முடியவில்லை. சிலுவை காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிவிட்டு, மகளைப் பார்த்து, “கிளாசுக்குப் போ மக்கா” என்றார்.

ஷைஜாவை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அகமதிப்பீட்டில் யாரும் கை வைக்கவில்லை. அது பயத்தாலா, வெட்கத்தாலா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவள் போகவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். கணக்குப்பதிவியலில் பெரிய மதிப்பெண் ஒன்றுமில்லை, நடுவாந்தரம். அன்று சாயங்காலம் தேங்காப்பட்டணத்துக்குப் போனாள். முப்ஷிராவும் அவளும் துறைமுகக் கல்வரிசையில் உட்கார்ந்து மாங்காய் தின்றார்கள். முப்ஷிராதான் அந்த வருஷமும் பள்ளியில் முதல்.

“ஏட்டி, ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் முப்ஷிரா. “அண்ணைக்கு டிசி வாங்கிட்டுப் போயிருந்தா பேச்சும் கேட்டிருக்காண்டாம், வெயிலும் கொண்டிருக்காண்டாம். வேற ஸ்கூல்லயும் நீ பிளஸ் டூ முடிச்சிருப்பல்லா?”

ஷைஜா மாங்காய்க் கொட்டையைக் கடலில் எறிந்தாள்.

“முடிச்சிருப்பேன். ஆனா வேண்டாம்னு சொன்ன எடத்துலேருந்து தலையக் குனிஞ்சுல்லா எறங்கியிருப்பேன். இப்பம் எனக்கு எப்பம் போவணும்னு தோணிச்சோ அப்பம் போறேன்.” உப்பும் மிளகாயும் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே சொன்னாள், “இன்னொண்ணு வெட்டு. நல்ல புளிப்பாட்டு பாத்து.”