சீலிங் போட்ட லயத்தில் ஓர் இரகசிய ஆலோசனை

மதுரன் எதையும் சும்மா பேசமாட்டான், ஆலோசனை நடத்துவான். கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஆறு பேருக்குத் தலைவனானதிலிருந்து இந்த வியாதி. பாணுக்குச் சம்பலா பருப்பா என்று மனைவி சுலக்ஷனா கேட்டால்கூட, இரண்டின் நன்மை தீமைகளையும் விளக்கிவிட்டு, "யோசிச்சுச் செய்வோம்" என்பான். அதற்குள் பாண் காய்ந்துவிடும்.

பிள்ளை விஷயமும் அப்படித்தான் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் இருவரும் குடியிருந்தார்கள். வாடகையைக் கொடுத்துவிட்டால் மாதத்தின் மிச்சம் தானாகவே விரதமாகிவிடும். போதாததற்கு வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "பிள்ளை குட்டி எண்டால் வேற இடம் பாத்துக்கொள்ளுங்கோ. எனக்குச் சத்தம் ஆகாது." ஆகவே, பிள்ளை பெறுவதற்கு முன் கொழும்பை விட்டு மலைக்குத் திரும்புவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். மதுரன் அதை மூன்று வருஷமாக முடிவெடுத்துக்கொண்டிருந்தான். பாலர் பாடசாலையில் நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வரும் சுலக்ஷனாவுக்கு வயது முப்பத்து மூன்று. தோட்டத்துத் திருவிழாவுக்குப் போகிற இந்தத் தடவை, பதில் கிடைக்காமல் திரும்பி ரயில் ஏறுவதில்லை என்று அவள் மனதுக்குள் சத்தியம் பண்ணியிருந்தாள்.

மதுரன் பிறந்த தேயிலைத் தோட்டம் திம்புள்ளப் பக்கம். மதுரனின் அம்மா வீரம்மாவின் லயக் காம்பிராவுக்குப் போன தீபாவளிக்கு அவன் பலகையில் சீலிங் அடித்துக் கொடுத்திருந்தான். லயம் என்ற அந்தத் தொழிலாளர் வரிசையில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் "நூறு" என்பார்கள். சீலிங்கோடு அந்தச் சரித்திரம் முடிந்தது என்பது மதுரனின் எண்ணம். வேலை முடிந்த அன்று பிரைவசி என்றால் என்னவென்று லயத்து ஆட்களை உட்காரவைத்து விளக்கினான். அவர்களும் டீ குடித்துக்கொண்டே மரியாதையாகக் கேட்டார்கள்.

ஞாயிறு காலை வீரம்மா கோயிலுக்குப் போனதும் மதுரன் கதவைச் சாத்தினான்.

"இப்ப நாம ரெண்டு பேரு மட்டுந்தான். மனசு விட்டுப் பேசலாம்" என்று தொண்டையைச் செருமினான். "கொழும்பு ஒரு ஊரா? பொகை, சத்தம். பிள்ளைன்னா இந்தக் காத்துல வளரணும். இந்த மண்ணுல கால் வைக்கணும்."

பதினெட்டு வயதில் இந்த மண்ணில் கால் வைக்கக் கூச்சப்பட்டு ஓடியவன்தான். சுலக்ஷனா அதைக் கிளறவில்லை.

"அப்ப வந்துருவோமா?"

"அவசரப்படாத. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கு. கொழும்புல இருக்கிற வசதி? நாளைக்கு நம்ம பிள்ளை டொக்டருக்குப் படிக்கணும்னா?"

"மொதல்ல அது பொறக்கட்டுங்க."

"அதுக்குத்தான் சொல்றேன், எல்லாத்தையும் திட்டம் போட்டு..."

"வந்துருங்க தம்பி, எவ்வளவு நாளைக்குத்தான் அந்தப் புள்ள காத்திருக்கும்?" என்றது இடதுபக்கச் சுவர்.

அடுத்த வீட்டு அம்மாக்கண்ணுவின் குரல். மதுரன் சீலிங்கைப் பார்த்தான்.

"அக்கா, அங்க கேக்குதா?"

"முந்தி மங்கலாத்தான் கேக்கும் தம்பி. நீங்க பலகை அடிச்ச பொறகு மேளம் மாதிரி கணீர்னு கேக்குது. நல்ல வேலை செஞ்சீங்க."

மதுரன் சுலக்ஷனாவின் காதருகே குனிந்து, இரகசியம் காக்கும் அவசரத்தில் சிங்களத்துக்குத் தாவினான்: "ஹெமின் கதா கரமு."

"ஹரி, ஹரி, சரிதான். மெதுவாவே பேசுங்க, நாங்க காதைக் குடுத்துத்தான் கேக்குறோம்" என்றது வலதுபக்கச் சுவர். அது அழகன். முப்பது வருஷமாகப் பொலிசோடும் துரையோடும் சிங்களத்திலேயே மல்லுக்கட்டி வரும் தோட்டத்துச் சங்கத் தலைவர்.

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு தைரியமும். மூன்று வருஷமாக இந்த ஆலோசனையில் அவள் பக்கம் அவள் ஒருத்திதான். இன்றைக்கு இரண்டு சுவரும் சேர்ந்திருக்கின்றன.

"மாமா, இருக்க வீடு வேணுமே" என்று வலதுபக்கம் திரும்பிச் சொன்னாள்.

"தலவாக்கலையில எங்க மச்சான் வீட்டு மேல்மாடி சும்மாத்தான் கெடக்கு. அங்க ஏற்கனவே நாலு பிள்ளைங்க கத்துது. அஞ்சாவது கத்தினா யாருக்கும் தெரியாது."

"பிள்ளைக்கு ஏணை கட்ட நான் சேலை தாரேன்" என்றாள் அம்மாக்கண்ணு.

"அது சரி," மதுரன் எழுந்தே விட்டான். "என் உத்தியோகம்?"

"ஒங்க கம்பனி போர்டு ஹட்டன்லயும் தொங்குதே தம்பி. கேட்டா மாத்தித் தரமாட்டானா?" என்றார் அழகன்.

"தருவான். போறியான்னு போன வருஷமே கேட்டான்! ஆனா அங்க மொத்தமே மூனு பேருதான் இருக்காங்க!"

சொன்ன பிறகுதான் மதுரனுக்குத் தான் சொன்னது கேட்டது.  வெளியே தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.

சுலக்ஷனா மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தாள். காரணம் புகை இல்லை, சத்தம் இல்லை, டொக்டர் படிப்பும் இல்லை. ஆறு பேருக்குத் தலைவன் மூன்று பேருக்குத் தலைவனாக இறங்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறைகிற மூன்று பேருக்குப் பின்னால் அவளுடைய பிள்ளை இத்தனை நாளாக வரிசையில் நின்றிருக்கிறது.

"போன வருஷமே கேட்டாங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லையேங்க."

"யோசிச்சுச் சொல்லலாம்னு..."

"எனக்கு ஆறு பேரும் வேணாம், மூனு பேரும் வேணாம். ஒன்னு போதும்." குரல் உடையப் பார்த்தது, அவள் விடவில்லை. "நான் அந்திக்கு வீடு பாக்கப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. மாமா, போகலாமா?"

"போகலாம் மகளே. ஆனா, புருஷன் என்ன சொல்றாரு?"

இடதுபக்கம் ஒரு முக்காலி இழுபடும் சத்தம். அம்மாக்கண்ணு சுவரோரம் வந்துவிட்டாள். மதுரன் வாயைத் திறந்தான்.

"இதுல பாத்தீங்கன்னா, ரெண்டு கோணம்..."

சுலக்ஷனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. வராத பஸ்ஸுக்காக நின்று களைத்தவளின் பார்வை. மதுரன் அதை முதல் தடவையாகப் பார்ப்பவன் போல நின்றான். இரண்டு கோணமும் எங்கேயோ கழன்று விழுந்தன.

"போவோம்" என்றான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் பேசியதிலேயே ஆகச் சின்னப் பேச்சு அதுதான்.

அடுத்த கணம் அம்மாக்கண்ணு வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. "அடியே வீரம்மா!" என்று கூவிக்கொண்டே அவள் மழையில் கோயில் பக்கம் ஓடுவது ஜன்னலில் தெரிந்தது. கோயிலுக்குப் போகும் வழியில் இன்னும் எத்தனை லயம் இருக்கிறது என்று மதுரன் கேட்கவில்லை. சுலக்ஷனா குடையைத் தேடத் தொடங்கியிருந்தாள்.