ஓரத்திலிருந்து நாலாவது பெண்

ரஷ்யாவின் பெர்ம் நகரத்து பாலே குழுவில் ஆடும் ஸ்லாத்தா, இனி ஆடப்போவதில்லை என்று சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். வாயைத் திறப்பதற்குள் அப்பா அர்காதி அவளை சோபாவில் உட்கார வைத்து, குழுவின் புது நிகழ்ச்சிப் பதிவை டி.வி.யில் போட்டுவிட்டார். இருபுறமும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போக வழியில்லை.

வெள்ளைப் பாவாடையில் பெண்கள் வரிசையாக வந்ததும் அப்பா படத்தை நிறுத்தினார்.

“ஓரத்துலேர்ந்து நாலாவது, எங்க பொண்ணு! கழுத்த எப்படி வச்சிருக்கா பாருங்க!” அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அது ஸ்லாத்தா இல்லை. பதிவு எடுத்த அன்று மேடையேற மனம் வராமல் அவள் ஒப்பனை அறையிலேயே அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக ஆடியவள் வேறொருத்தி.

“அப்பா, அது நான் இல்ல. அன்னிக்கு நான் ஆடவே இல்ல.”

“என் பொண்ண எனக்கு அடையாளம் தெரியாதா? அடக்கத்தப் பாருங்க இவளுக்கு!”

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அம்மா ரிம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்து, “அது நீ இல்லன்னு எனக்குத் தெரியுதுடி. அவருக்காகப் பேசாம இரு” என்று காதோரம் சொன்னாள்.

அப்பா மறுபடியும் முதலிலிருந்து போட்டார். ஸ்லாத்தா உட்கார்ந்தே இருந்தாள். மறுநாள் காலை வழக்கம்போலப் பயிற்சிக்குப் போனாள்.