லீலா எடுத்த ஆள்

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், தன் மனைவி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைச் சின்னதுரை கவனித்தார். டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தி, சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் லீலா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பால் பொங்குவதைவிடப் புருஷனைப் பெரிதாக நினைக்கும் பெண்ணைக் கட்கி ஊரில் யாரும் கண்டதில்லை. லீலாவும் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் கண்ணுக்கு எப்போதும் வேறு வேலை இருந்தது. தோசைக்கல், மகள் ஷீலா, பால்வாடியில் அவள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். அவர் ட்யூட்டி முடிந்து வாசலுக்கு வரும்போதெல்லாம் அவள் கொடியில் காயும் துணியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஹாலில் மாட்டியிருக்கும் கல்யாண ஃபோட்டோவில்கூட அவர் கேமராவைப் பார்க்கிறார், லீலா தன் வளையலைப் பார்க்கிறாள். அதில் அவருக்கு லேசாக ஒரு குறை உண்டு. வெளியே சொல்லிக்கொள்ளும் குறையா அது? என் பெண்டாட்டி என்னைப் பார்ப்பதே இல்லை என்று யூனியனில் போய் மனு கொடுக்கவா முடியும்?

சின்னதுரைக்கு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை, மருந்து நிரப்பும் செக்ஷனில். அவருடைய அப்பாவும் வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த மராத்திக்கார ஊருக்கு வந்து அதே ஃபேக்டரியில்தான் இருந்தார். அந்த செக்ஷனில் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையில் இருப்பதைக் கீழே போடக் கூடாது. உள்ளே போகும் முன் தீப்பெட்டி, மொபைல் எதுவும் இல்லையே என்று பாக்கெட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் கரண்ட் ஏதும் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். கால் நூற்றாண்டு இதையே செய்தால் ஒரு மனுஷன் எப்படி ஆவான்? சின்னதுரை மாதிரி ஆவான். அவர் டம்ளர் வைத்தால் சத்தம் கேட்காது. கதவைச் சாத்தினால், சாத்தினாரா இல்லையா என்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். கூட வேலை செய்பவர்கள் அவரை 'ஆஹிஸ்தா துரை' என்பார்கள். இந்தியில் ஆஹிஸ்தா என்றால் மெதுவாக. அந்தப் பேரில் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அன்றைக்கு மட்டும் இல்லை. மறுநாள் அவர் ஷூ கழற்றும்போது பார்த்தாள். சாப்பிடும்போது பார்த்தாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது கதவோரமாக நின்று பார்த்தாள். இன்னா பாக்கற என்று கேட்டால், ஒண்ணுமில்ல, நீங்க பாட்டுக்கு இருங்க என்றாள். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று சொன்னவன் கட்கிக்கு வந்திருக்க மாட்டான் என்று சின்னதுரை முடிவு செய்தார்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மீசையில் நரை தெரிந்த இடத்தில் மை பூசிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து கேம்ப் கடைத்தெருவுக்குப் போய், கவுஸ் பாய் கடையில் வெளிர்நீலத்தில் ஒரு சட்டை எடுத்தார். கவுஸ் பாய் திருநெல்வேலிக்காரர், வாய் சும்மா இருக்காது. என்ன துரை, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீங்களா என்று கேட்டார். இல்லை பாய், எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அது எப்படிக் காதில் விழும் என்பது புரிந்து சின்னதுரைக்கு முகமெல்லாம் சூடாகிப் போனது.

இந்த வருஷம் லீலாவின் வாழ்க்கையில் புதிதாக ஒன்று வந்திருந்தது. அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஷீலா யுனிவர்சிட்டியில் மாஸ் கம்யூனிகேஷன் டிகிரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அதே வளாகத்தில் நாடகத்துக்கு ஒரு வருஷ சர்டிஃபிகேட் கோர்ஸ் இருந்தது. சாயங்கால வகுப்பு, வயசு வரம்பு கிடையாது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் பாதிக் கட்கியை நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பவள் லீலா. ஷீலாதான் பிடித்துத் தள்ளி அம்மாவைச் சேர்த்துவிட்டாள். லீலா பத்தாவதோடு நின்றவள். அதன் பிறகு அவள் பேர் போட்டு வந்த ஒரே காகிதம் ரேஷன் கார்டு. அதனால் அந்த சர்டிஃபிகேட்டை வாங்கி, கல்யாண ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன் என்று இப்போதே ஆணி அடித்து வைத்திருந்தாள். படிப்புதான் இவளுக்குக் கண்ணைத் திறந்துவிட்டது என்று சின்னதுரை நினைத்தார். அது நிஜம். அவர் நினைத்த விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ட்யூட்டி விட்டு வரும்போது பஜாரில் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிவந்தார். லீலா வகுப்பிலிருந்து வந்திருக்கவில்லை. ஷீலா லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பூவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, உங்கம்மா ஏன் இப்பல்லாம் என்னையே பாக்கறா என்று ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். பதில் என்னவாக இருக்கும் என்று தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது.

ஷீலா சிரித்துவிட்டாள். "பப்பா, நீங்கதான் மம்மியோட அசைன்மென்ட்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ராஜஸ்ரீ மேடம் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். தினமும் கண்ணில் படுகிற, ஆனால் நீங்கள் பார்க்கவே பார்க்காத ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அந்த ஆளாக மேடையில் நடந்து காட்டுங்கள். அதுதான் கடைசித் தேர்வு, வருகிற சனிக்கிழமை. ஒருத்தன் தன் வாட்ச்மேனை எடுத்தான், ஒருத்தி பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாவை எடுத்தாள், மம்மி உங்களை எடுத்தாங்க.

பார்க்கவே பார்க்காத ஆள். சின்னதுரை உள்ளே போய்ப் பூவை முருகன் படத்துக்குச் சாத்தினார். லீலா வந்து யார் வாங்கின பூ என்று கேட்டதற்கு, கோயிலில் கொடுத்தார்கள் என்றார். மனசு விட்டுப்போயிற்று. இருபத்தோரு வருஷக் குறை ஒரு வாரம் தீர்ந்ததுபோல் இருந்து, இப்போது ரப்பர் ஸ்டாம்ப் குத்தி உறுதியாகிவிட்டது. அவள் பார்ப்பதில்லை என்று அவராக நினைத்துக்கொண்டிருந்தது ஒன்று. அவளே அதை டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள் என்பது வேறு.

கோபத்தைக் காட்ட அவருக்குத் தெரியாது, பழக்கமில்லை. அதனால் தெரிந்த வழியில் காட்டினார். டம்ளரை ணங்கென்று வைத்தார். கதவை அறைந்து சாத்தினார். தட்டைத் தொட்டியில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜம்பு எட்டிப் பார்த்து, யாராவது விழுந்துட்டாங்களா என்று விசாரித்தான். பாரு, நல்லா பாரு, இந்த ஆளை நடிச்சுக் காட்டு என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டது லீலா இல்லை, அவர்தான்.

வியாழக்கிழமை அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லீலா எதிரில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"இந்த வீட்ல டம்ளர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. உங்களக் கேக்காம உங்கள எடுத்துக்கினது என் தப்புதான். நீங்க வேணான்னா நான் போவல. சர்டிஃபிகேட் போனா போவுது."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே விட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. சுவரில் அந்த வெறும் ஆணியும் கண்ணில் பட்டது. வேணாம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது. பார்த்துச் சிரிப்பாங்களா என்று கேட்டார். லீலா யோசித்து, சிரிப்பாங்க என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே, சனிக்கிழமை எனக்கு ட்யூட்டி இல்ல என்றார். பிறகு டம்ளரை மெதுவாக வைத்தார்.

சனிக்கிழமை வெளிர்நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், கடைசி வரிசையில் ஷீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கறுப்புத் திரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பூராவும் இளவட்டம். வாட்ச்மேன் வந்தார், மராத்திக்கார அம்மா வந்தார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு கறுப்பு குர்தாவில் லீலா வந்தாள். வந்தவள் லீலா இல்லை. தோள் இரண்டும் காதுப் பக்கமாக ஏறியிருந்தன. பாதம் தரையைக் கேட்டுக்கேட்டு வைப்பதுபோல் வந்தது.

இல்லாத ஒரு வாசலில் அவள் நின்றாள். சட்டைப் பையைத் தட்டினாள். இடது பக்கம், வலது பக்கம். பிறகு கையைத் தூக்கி, இல்லாத நிலைச்சட்டத்தில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். தோள்கள் இறங்கின. அப்புறம்தான் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

சின்னதுரை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஃபேக்டரியில் செய்வது தெரியும். வீட்டு வாசலிலும் தினமும் அதையே செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. மேடையில் நிற்கும் அந்த மனுஷனுக்குப் பயம் என்பது கடைசி வரிசைக்கே தெரிந்தது. நாள் முழுக்கச் சுமந்த பயத்தை வாசலிலேயே இறக்கிவிட்டு, வெறும் ஆளாக வீட்டுக்குள் போகிறான். தனக்குப் பயமே கிடையாது என்று இத்தனை காலம் அவர் நம்பிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் டம்ளர் வைத்த இடத்தில் பசங்கள் சிரித்தார்கள்தான். அவருக்கு அது உறைக்கவில்லை.

முடிந்துவிட்டது என்று நினைத்தபோது லீலா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். உள்ளங்கைகள் மேலே பார்த்திருந்தன. யாரோ அதில் எதையோ வைத்ததுபோல் இருந்தது. அவள் மூச்சைப் பிடித்தாள். மருந்து ட்ரேயைத் தூக்கிப் போகும் அதே பிடி, நெஞ்சுக்கு நேராக, முழங்கை உடம்போடு ஒட்ட. அப்படியே ஜன்னல் பக்கம் அடிமேல் அடிவைத்துப் போனாள். வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள். மூச்சுவிடப் பயந்து பயந்து, முகம் மட்டும் மெல்ல மெல்லச் சிரித்தது.

ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது ஷீலா பிறந்த அன்றைக்குச் சின்னதுரை செய்தது. ஆபரேஷன் முடிந்து லீலா மயக்கத்தில் கிடந்தாள். நர்ஸ் குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அந்த அறையில் அப்போது அவரைப் பார்க்க யாருமே இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

ராஜஸ்ரீ மேடம் நோட்பேடைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் கேட்டார். கடைசியில் காட்டியது இந்த இரண்டு வாரத்தில் பார்த்ததா? இல்லை, பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் என்றாள் லீலா. வாசலில் கை வைப்பது? அது கல்யாணமான மாதத்திலிருந்து. அப்படியென்றால் இந்த இரண்டு வாரத்தில் புதிதாக என்ன பார்த்தீர்கள்? மீசைக்கு மை பூசுகிறார் என்று லீலா சொன்னதும் ஹாலே சிரித்தது. ஷீலா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடமும் சிரித்துவிட்டார். "நடிப்புக்கு முழு மார்க். ஆனால் அசைன்மென்ட்டில் வெட்டத்தான் வேண்டும், லீலா. பார்க்காத ஆளை எடுக்கச் சொன்னேன். நீங்கள் ஆளைத் தப்பாக எடுத்துவிட்டீர்கள்."

மார்க் குறைந்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு புருஷன் அந்த யுனிவர்சிட்டிக்கு அதற்கு முன் வந்திருக்க மாட்டான்.

ஷீலா நண்பர்களோடு நின்றுவிட்டாள். இரண்டு பேரும் திரும்பிப் போக பஸ் ஏறினார்கள். கட்கி பஜார் வரும்போதுதான் சின்னதுரை கேட்டார்.

"மயக்கத்துல இருந்தியே."

"கண்ணு பாதி தொறந்துதான் இருந்துச்சு."

"இத்தினி வருஷம் ஒரு வார்த்த சொல்லல?"

லீலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொன்னா நிறுத்திடுவீங்க. யாரோ பாக்கறாங்கன்னு தெரிஞ்சா நீங்க எதயும் செய்யமாட்டீங்க."

வீட்டு வாசலுக்கு வந்தார்கள். சின்னதுரை பாக்கெட்டுகளைத் தட்டினார். சட்டை, இடது, வலது. கை தானாக நிலைச்சட்டத்துக்கு உயர்ந்தது. இப்போதுதான் அது அவருக்கே தெரிகிறது. கூச்சம் வந்து, கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

லீலா சட்டென்று திரும்பி, எப்போதும்போல் கொடியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவர் உள்ளங்கையை மரத்தில் வைத்தார். தோள் இறங்கியது. அப்புறம்தான் அவரும் கொடியைப் பார்த்தார். அதில் துணி எதுவும் இல்லை.