டீச்சர் வேஷம்

எவ்வளவு நெரிசலிலும் அலட்டிக்கொள்ளாமல் பேருந்து ஓட்டுகிறவள் அவள். அன்று சாயங்காலம் மகளின் வகுப்பு டீச்சரிடமிருந்து ‘நாளை நேரில் வாருங்கள்’ என்று செய்தி வந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். படிக்கிற காலத்தில் வாத்தியார் தலையைக் கண்டாலே ஓடி ஒளிந்தவள்.

“நம்ம வாண்டு என்ன வம்பை இழுத்து வெச்சிருக்காளோ!”

“போனாத் தெரிஞ்சிடப் போகுது. வா, ஒத்திகை பார்ப்போம்” என்றான் தையல்காரக் கணவன். கழுத்தில் அளவு நாடா தொங்க, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தான். “நான்தான் டீச்சர். சொல்லுங்கம்மா.”

“வணக்கம் டீச்சர். எங்க பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க...”

“எடுத்த எடுப்புலயே சரணாகதியா?”

உள்ளேயிருந்து வாண்டு ஓடி வந்தாள். வயசு ஒன்பது, வாய் மட்டும் தொண்ணூறு. “ஐயோ, டீச்சர் இப்படியா உட்காருவாங்க? தள்ளுங்கப்பா!”

அப்பாவின் கண்ணாடியைப் பிடுங்கி மூக்கு நுனியில் மாட்டினாள். தொண்டையைச் செருமினாள். அச்சு அசல் டீச்சர்.

“உங்க பொண்ணு பாடம் நடக்கும்போது சும்மா இருக்கிறதே இல்ல. கையை ஆட்டுறா, தவளை மாதிரி குதிக்கிறா...”

“எதுக்குடி குதிக்கிறே?”

வாண்டு கண்ணாடியைக் கழற்றினாள். “என் பக்கத்துல புதுசா ஒருத்தி வந்திருக்காம்மா. நம்ம பேச்சு அவளுக்குப் புரியாது. டீச்சர் தவளைன்னு சொன்னா நான் குதிச்சுக் காட்டுவேன். அவ்ளோதான்.”

“மழைன்னா?” என்றான் அப்பா.

பத்து விரலையும் தலைக்கு மேலிருந்து படபடவென்று இறக்கினாள்.

“யானைன்னா?”

அதற்குள் அம்மாவே தும்பிக்கையாய்க் கையை நீட்டி வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் டீச்சர் முன்னால் உட்கார்ந்ததும் ஒத்திகையெல்லாம் காற்றில் பறந்தது. “குதிச்சது என் பொண்ணுதான் டீச்சர். ஆனா அவ குதிச்சது சரிதான்!” என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

டீச்சர் சிரித்தார். “அதைச் சொல்லத்தாம்மா கூப்பிட்டேன். அந்தப் புதுப் பொண்ணு வந்ததிலிருந்து வாயே திறக்கல. நேத்து அவளே எழுந்து ‘தவளை!’ன்னு கத்திட்டுக் குதிச்சா. பார்த்துட்டு வகுப்பே குதிச்சுது. நானும்தான்.”

“நீங்களுமா!”

“முழங்கால் இன்னும் வலிக்குது.”

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டச் சிரிப்பு வந்தது. அதன்பிறகு அவள் வாயை மூட யாராலும் முடியவில்லை. மகளுக்கு முதல் பல் விழுந்த கதை, பேருந்தில் பயணிகளுக்கு அவள் பாட்டுப் பாடிய கதை என்று ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்துவிட்டாள். வெளியே காத்திருந்த இன்னொரு அப்பா இரண்டு தடவை கதவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே இருவர் காதிலும் அது விழவே இல்லை.