மஸ்கட் ரூமின் சீஸ் சாஸ்

வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் ஊர் கேட்பதெல்லாம் வீடு எப்போது கட்டுவாய், திரும்ப எப்போது போவாய் என்பதுதான். அங்கே யாரோடு சிரித்தாய் என்று ஒரு ஜீவனும் கேட்காது. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ரகுநாத் சொந்த ஊரான அரிமளத்துக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. "எங்க ரூம்ல..." என்று அவன் வாயைத் திறந்தாலே போதும், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று மனைவி சிவரஞ்சனி எழுந்து போய்விடுவாள். அந்த வருஷங்கள் யாருக்கும் வேண்டாதவையாக அவனுக்குள்ளேயே கிடந்தன. அதுதான் அவன் மனக்குறை.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைக்குப் போய்ச் சீஸ் வாங்கி வந்தான்.

"இன்னைக்கு நான் செய்யிறேன். நீ சப்பாத்தி மட்டும் போடு."

வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டான். நிறம் மாறக் கூடாது, பச்சை வாசனை மட்டும் போக வேண்டும். வெதுவெதுப்பான பாலை ஒரு கை ஊற்ற, மறு கை கிண்டிக்கொண்டே இருந்தது. கை நின்றால் கட்டி தட்டிவிடும். கெட்டியானதும் இறக்கி, துருவிய சீஸைப் போட்டான். கொதிக்கையில் போட்டால் திரிந்து போகும் என்று ஜெரால்டு கத்துவான். ஜெரால்டு மஸ்கட்டில் அவனோடு ஒரே ரூமில் இருந்தவன், ஹோட்டலில் சமையல் வேலை. வெள்ளிக்கிழமை லீவு நாளில் அவன் கிண்ட, எல்லாரும் பேப்பரை விரித்து ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து குப்பூஸ் ரொட்டியைத் தோய்த்துத் தின்பார்கள். கடைசி வாய்க்கு அடிதடியே நடக்கும்.

மிளகுத்தூள் விழுந்ததும் அந்த வாசனை அப்படியே வந்துவிட்டது. கால் நீட்ட இடமில்லாத அந்த ரூமுக்காக ரகுநாத்துக்கு ஏக்கமாக இருந்தது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

"சூடா சாப்பிடு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி."

சிவரஞ்சனி சப்பாத்தியைத் தொட்டுத் தின்றாள்.

"பார்க்கத்தான் பசை மாதிரி இருக்கு. நல்லாருக்குங்க. இத அங்க எப்பச் சாப்பிட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை தவறாம."

அவள் கை நின்றது.

"வெள்ளிக்கிழமைதானே போன் பண்ணுவீங்க? என்ன சாப்பாடுன்னு கேட்டா ரசஞ்சோறும்பீங்களே?"

அவன் முழித்தான். "நல்லா சாப்பிடுறேன்னா, நம்மள விட்டுட்டுச் சந்தோஷமா இருக்காருன்னு நீ நெனச்சிருவியோன்னு..."

"நீங்க அங்கிட்டு ரசஞ்சோறு திங்கிறப்ப எனக்கு மட்டும் குழம்பு எறங்குமா? வெள்ளிக்கிழமைன்னா இங்கயும் வெறும் ரசந்தான் வச்சேன்." அவள் குரல் கம்மியது. "வந்தப்புறமும் நீங்க ரூமுன்னு ஆரம்பிச்சாலே, பட்ட கஷ்டத்தச் சொல்லப் போறீங்கன்னு பயந்துதான் எந்திரிச்சுப் போவேன்."

பொய் சொல்லி அவளைக் காப்பாற்றியதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தானே! அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமா அழுகையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

சட்டியை இழுத்து, மிச்சத்தையெல்லாம் வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"இதுல ஒங்களுக்குக் கெடையாது. அங்கயே போதும் போதும்னு தின்னுட்டீங்க" என்றாள். பிறகு அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க. அந்த ரூம்ல யாரு யாரு இருந்தாங்க?"