தவுக்கே சிரிக்க வைக்க வேண்டும்

முப்பது வருடமாக மலாய்ப் படங்களில் நடிக்கிறேன். வட்டிக்காரன் ஒன்பது முறை, அடியாள் ஆறு முறை, மருந்துக்கடைக் கிழவன் இரண்டு முறை. சட்டைதான் மாறும், ஆள் ஒருவன்தான். வாயைத் திறந்தால் குதறிய மலாய் வர வேண்டும், தியேட்டர் சிரிக்க வேண்டும். இத்தனைக்கும் நான், ஊன் கியான் தெக், கிளந்தான் ஆற்றங்கரையில் பிறந்த சீனன். எங்கள் ஊர்ச் சீனருக்குக் கிளந்தான் வட்டார மலாய் தாய்ப்பாலோடு வந்தது. இதைக் கோலாலம்பூரில் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

இந்தப் படத்தில்தான் எனக்கு முதல்முறையாக ஒரு முழுக் காட்சி கிடைத்தது. வெள்ளத்துக்குப் பயந்து அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் தவுக்கே எனப்படும் சீனக் கடை முதலாளியின் மாடியில் ஒதுங்குகிறார்கள். தவுக்கே சோறு நீட்டுகிறான். அவர்கள் தயங்க, அவன் கைகளை ஆட்டி ஏதோ உளறுகிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். இதைக் கோட்டைவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு காட்சி எனக்கு வராது.

படப்பிடிப்பு எங்கள் மாவட்டத்திலேயே. அக்கம்பக்கத்தாராக நடித்தவர்கள் நிஜ ஊர்க்காரர்கள். நான் உளறினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"மோக் சூ, இங்க நீங்க சிரிக்கணும்," என்றான் இயக்குநர் ஹஸ்வான், முன்வரிசையில் இருந்த ஜெனாப் அத்தையிடம். ஊரே அவளை மோக் சூ, சின்ன அத்தை, என்றுதான் கூப்பிடும்.

"எதுக்குப்பா? பேச்சு வராத மனுசன். பாவமால்ல இருக்கு."

மூன்று முறை எடுத்தும் அதே கதைதான். இடைவேளையில் அத்தை என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு நான் இன்னும் 'அவே', சின்னப் பையன்தான். "ஏன்டா அவே, நீ நம்மூர்ப் பிள்ளதானே? எங்களுக்குன்னு வைக்கிற சட்டி இந்த வீட்ல எங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பன்றிக்கறி படாத ஒரு சட்டியும் ஆறு தட்டும் எங்கள் வீட்டு மேல்தட்டில் துணி சுற்றி இருக்கும். மலாய் அண்டைவீட்டார் வந்தால் மட்டும் கீழே இறங்கும். இந்த மாடியில் சிவப்பு விளக்கு இருந்தது, மணிச்சட்டம் இருந்தது, சட்டி இல்லை. வசனத்தை இருபது முறை படித்த எனக்கும் அது உறைக்கவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஹஸ்வானிடம் போனேன். "சட்டிய வச்சு, எங்க ஊர்ப் பேச்சுல ஒரு தடவ எடுங்க."

"அப்படிப் பேசுனா நீங்க சீனர்னே யாரும் நம்ப மாட்டாங்க, அங்கிள்."

"என் மூஞ்சி எங்க போயிடும்?"

"காமெடி போயிடுமே."

"போகட்டும். பிடிக்கலன்னா உளர்றதுக்கு வேற ஆளப் பாருங்க. நான் இனிமே உளர்றதா இல்ல."

 சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. ஹஸ்வான் கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரே ஒரு டேக்," என்றான்.

சட்டி அத்தை வீட்டிலிருந்தே வந்து, துணி சுற்றி மேல்தட்டில் ஏறியது. கேமரா ஓடியது. மேல்தட்டிலிருந்து அதை இறக்கி, துணியைப் பிரித்து, அவள் முன்னால் வைத்தேன்.

"உங்க சட்டிதான் மோக் சூ. நீங்களே கழுவி உலை வைங்க. அரிசி அந்த மூட்டையில இருக்கு."

அவளுக்கு அங்கே வசனமே கிடையாது. ஆனாலும் வாயைத் திறந்தாள். "எம்புட்டுத் தூசி. தொடைக்கவே மாட்டியாடா?"

"நீங்க மாசம் ஒருதரம் வந்திருந்தா தொடச்சிருப்பேன். வெள்ளம் வந்தாத்தானே என் வீட்டு வழி தெரியுது உங்களுக்கு."

மாடி முழுக்கச் சிரித்தது. அத்தை என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். கட் சொல்ல ஹஸ்வான் மறந்து நின்றான். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். முப்பது வருடத்தில் அது முதல் முறை.

பிறகு அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "பிரமாதம், அங்கிள். இதையே வச்சிக்கலாம். ஆனா கோலாலம்பூர் மலாய்க்காரன் எனக்கே உங்க வட்டாரப் பேச்சு பாதி புரியல. திரையில கீழ எழுத்துப் போட்டாகணும்."

"தாராளமாப் போடுங்க," என்றேன். "உங்களுக்காக நான் முப்பது வருசம் தப்புத் தப்பாப் பேசினேன். எனக்காக நீங்க ரெண்டு நிமிசம் படிங்க."